மாமன் பேர் இல்லாமல் தாலாட்டா?

வெறும் ஏணையை ஆட்டக் கூடாது. நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எல்லோரும் இதற்காக ஒரு தடவையாவது முதுகில் வாங்கியிருப்போம். ஏணை என்றால் என்ன என்று மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மருமகள்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அது தூளி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஆற்காடு வட்டாரத்தில் நமக்கு ஏணை. பழைய நூல் புடவையை விட்டத்தில் கட்டி, குறுக்கே ஒரு கட்டையைச் செருகி, காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் அரிசியில் கல் பொறுக்கின பெண்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். பிள்ளை இல்லாத ஏணையை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று வலி வரும் என்பார்கள். எங்கள் ஆயா சொன்ன காரணம் வேறு. காலியாக ஆடினால் அதில் படுத்துக்கொள்ள வேறு எதுவாவது வரும் என்பார். எது வரும் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். மண்ணூர், வளர்புரம், தொடுகாடு, தண்டலம் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து அட்டையில் எழுதுவது வேலை. அந்தக் காலத்தில் மீட்டர் நடையிலோ, கூடத்துச் சுவரிலோ இருக்கும். பதினோரு மணி வாக்கில் ஆம்பிளைகள் கழனியில் இருப்பார்கள். வீட்டில் கிழவியும் பிள்ளை பெற்ற மருமகளும்தான். நான் போய் நின்றால் மருமகள் எழுந்திருக்க மாட்டாள், பிள்ளை விழித்துக்கொள்ளுமே. குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டு பாட்டைத் தொடர்வாள். ஸ்டூல் போட்டு ஏறி, தூசியைத் துடைத்து, ரீடிங் எடுத்து, அட்டையில் எழுதி இறங்குவதற்குள் நாலைந்து வரியாவது காதில் விழும். இப்படி முப்பத்து நாலு வருஷம் துண்டு துண்டாகத் தாலாட்டுக் கேட்டவன் நான்.

கேட்டுக் கேட்டு ஒன்று புரிந்தது. தாலாட்டு முழுக்கப் பிள்ளைக்காகப் பாடுகிற பாட்டு இல்லை. பிள்ளைக்கு ஆராரோவே போதும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு வரியும் அந்த வீட்டில் இருக்கிற வேறு ஒருவர் காதுக்குப் போகிறது. மாமியார் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். மருமகள் பிள்ளையைப் பார்த்து, உன் மாமன் தங்கத்தில் அரைஞாண் கொண்டு வருவான், வெள்ளியில் பால் சங்கு கொண்டு வருவான், வண்டி கட்டிக்கொண்டு வருவான் என்று பாடுவாள். கிழவி பதில் பேச முடியாது. பிள்ளையைத் தூங்க வைக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? ஒரு வீட்டில் இரண்டு மாதம் முன்பு கொலுசு கொண்டு வரப் போகிற மாமன், அடுத்த முறை நான் போனபோது மழை காரணமாக ஏரிக்கரையில் நின்றுவிட்டான். அதற்கடுத்த முறை பாட்டில் அவனைக் காணோம். நான் 87 யூனிட் என்று எழுதிக்கொண்டு வந்தேன். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் விஷயம் உறைத்தது.

அத்தை, பெரியப்பா, சித்தி, தாத்தா என்று உறவு முழுக்க வரும். அழுகிற பிள்ளையிடம் உன்னை யார் அடித்தார் என்று ஒவ்வொருவர் பேராகச் சொல்லி விசாரணை நடக்கும். ஆனால் கதாநாயகன் தாய்மாமன்தான். பெற்ற தகப்பனுக்குக்கூட அந்த இடம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே காரணம் நிலம். பெண்ணுக்குக் கழனியில் பங்கு கிடையாது என்றிருந்த காலத்தில், அப்பன் வீட்டுச் சொத்தில் அவளுக்கு வந்து சேர்ந்தது சீர் வரிசை மட்டும். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்து, கல்யாணம் என்று அண்ணன் தம்பி கொண்டு வந்து வைக்கிற தட்டுகள். அந்தத் தட்டுகளைத்தான் அவள் பாட்டில் எண்ணிக் காட்டுகிறாள். எனக்கும் பின்னால் ஆள் இருக்கிறது என்று புகுந்த வீட்டுக்குச் சொல்கிறாள். பிறந்த வீட்டுக்கும், காதில் விழுந்தால், மறந்துவிடாதே என்று சொல்கிறாள். ஒப்பாரியும் இதே மெட்டில், இதே அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு அழுவதைச் சாவு வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ஊரில் ஒரு பெண் பத்துப் பேர் நடுவில் வாய்விட்டுத் தன் நியாயத்தைச் சொல்ல இருந்த இடம் இரண்டுதான். ஒன்று ஏணைக்குப் பக்கத்தில், இன்னொன்று பிணத்துக்குப் பக்கத்தில்.

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைத்தமிழ் பாடின புலவர்கள் பத்துப் பருவத்தில் மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வைத்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் கண்ணனை யசோதை தொட்டிலில் இட்டுப் பாடுவதாகப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். குலசேகராழ்வார் திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாக நினைத்துத் தாலாட்டினார். ராமாநுஜர் பிறந்த ஊர் பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பிரபந்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பெரியாழ்வார் பாட்டைக் கவனித்துப் பாருங்கள். பிரம்மா பொன்னால் செய்த தொட்டில் அனுப்புகிறார். சிவன், இந்திரன், குபேரன், வருணன் என்று வரிசையாக ஆளுக்கொரு நகை அனுப்புகிறார்கள். கழனிக்காரன் வீட்டுத் தாலாட்டில் மாமன் செய்கிற வேலையை அங்கே தேவர்கள் செய்கிறார்கள். பாவம், ஆழ்வாருக்கு வேறு வழியும் இல்லை. கண்ணனுக்கு வாய்த்த தாய்மாமன் கம்சன் ஆயிற்றே! அவன் கொலுசு கொண்டு வருவான் என்று எப்படிப் பாடுவது?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். அவள் அயர்லாந்தில் டப்ளினில் இருக்கிறாள். பேத்திக்குப் பத்து மாதம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அந்த நாட்டின் மேற்குக் கரைக்காரர், வயதானவர். தூங்க வைக்கும்போது ஷோஹீன் ஷோ என்று ஏதோ பாடுகிறாராம். நமக்கு ஆராரோ மாதிரி அவர்களுக்கு அது. ஐரிஷ் மொழிப் பாட்டு. அர்த்தம் கேட்டுக்கொண்டு மகள் எனக்குச் சொன்னாள். கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டின் கதை இது. அந்த ஊர்க் கழனிகளில் வட்டமாக மண்மேடு எழுப்பின பழைய கோட்டைகள் பல்லாயிரம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பண்ணை வீடுகளின் கரைகள் அவை என்று தொல்பொருள்காரர்கள் சொல்வார்கள். ஊர் ஜனங்களுக்கு அவை தேவதைகளின் வீடு. தேவதை என்றால் இறக்கை வைத்த அழகான பொம்மை இல்லை. நம் ஊர் கன்னிமார், காட்டேரி மாதிரி பேர் சொல்லப் பயப்படுகிற வகை. பிள்ளை பெற்ற இளம்பெண்களை அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம், தங்கள் குழந்தைக்குப் பால் கொடுக்க. அப்படித் தூக்கிப் போகப்பட்ட ஒருத்தி, கோட்டை வாசலில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைத் தாலாட்டுகிறாள். கீழே ஓடையில் ஊர்க்காரி ஒருத்தி துணி துவைக்கிறாள். நேராகப் பேசினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் தாலாட்டோடு தாலாட்டாகச் சேதியைக் கோத்து விடுகிறாள். நான் வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகப் போகிறது, என் புருஷனிடம் சொல், மெழுகுவர்த்தி எடுத்து வரட்டும், கறுப்புப் பிடி போட்ட கத்தி எடுத்து வரட்டும், முதலில் வருகிற குதிரையை வெட்டட்டும், கோட்டை வாசலில் இருக்கிற பச்சிலையைப் பறிக்கட்டும், இல்லாவிட்டால் நான் இங்கேயே ராணியாகிவிடுவேன் என்று. ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் அந்த ஷோஹீன் ஷோ.

எங்கேயோ கிடக்கிற தீவு. ஆனால் முறத்தோடு உட்கார்ந்திருந்த மாமியாரும் தணிந்த குரலில் பாடின மருமகளும் எனக்குக் கண் முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் கட்டின கதையில் தேவதைகள் தூக்கிப் போகிறார்கள். இங்கே தாரை வார்த்துக் கொடுத்து மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

ஒற்றுமை இன்னும் உண்டு. அங்கே தொட்டிலின் குறுக்கே அடுப்பு இடுக்கியை வைப்பார்களாம். தேவதைகளுக்கு இரும்பு ஆகாது. நம் வீட்டில் பச்சைப் பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு வைக்காத வீடு உண்டா? எங்கள் வீட்டில் துருப்பிடித்த ஒரு அரிவாள்மணைத் துண்டு இதற்காகவே பரணில் இருந்தது. கூடவே வேப்பிலை, வசம்பு. வசம்பை ராத்திரியில் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், பேர் சொல்லாதது என்பார்கள். தேவதைகள் ஆண் குழந்தையைத்தான் விரும்பித் திருடும் என்று அந்த நாட்டு மேற்குக் கரையில் பையன்களுக்குப் பாவாடை கட்டிவிட்டார்கள். இங்கே முதல் இரண்டு பிள்ளை தங்காத வீட்டில் மூன்றாவதைத் தவிட்டுக்கு விற்று வாங்கி, குப்பன், குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். எமனுக்கு இந்தப் பிள்ளை வேண்டாததாகத் தெரிய வேண்டும். என் சர்வீஸில் குப்பம்மா பேரில் எழுதின மின் இணைப்பு அட்டை எத்தனை!

ஒரு விஷயத்தில் அந்த நாட்டுக்காரர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. 1935-ல் அவர்களுடைய அரசாங்கம் நாட்டார் வழக்கைச் சேகரிக்க ஒரு ஆணையம் வைத்தது. 1937 முதல் 1939 வரை நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுக் கொடுத்து, வீட்டுக் கிழவன் கிழவியிடம் கதை, பாட்டு, வைத்தியம், பேய்க்கதை எல்லாம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். சுமார் 5000 பள்ளி, 50,000 பிள்ளைகளுக்கு மேல். அந்த நோட்டுகள் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. நம்மிடமும் சேகரித்தவர்கள் இருந்தார்கள். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்ததைக் கி.வா.ஜகந்நாதன் மலையருவி என்று பதிப்பித்தார். நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்கள் என்று பெரிய தொகுதியே போட்டார். எல்லாம் தனி மனிதர்களின் உழைப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்திருந்தால் மண்ணூர் ஏரிக்கரையிலிருந்து மட்டும் நூறு பாட்டுத் தேறியிருக்கும்.

நம் பக்கத்தில் அந்தப் பாட்டு எப்போது நின்றது என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது. அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. கழனி மனை ஆயிற்று. ஓட்டு வீடு மாடி வீடு ஆயிற்று. விட்டம் போய் கான்கிரீட் வந்தது. விவரம் தெரிந்த கொத்தனார் தளம் போடும்போதே ஏணைக்கென்று ஒரு இரும்புக் கொக்கி விட்டுவைப்பார், அவ்வளவுதான். டிவி பகலிலும் ஓடியது. எங்கள் வாரியமும் மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னது. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் போகவே தேவையில்லாமல் போயிற்று. ஆக, பாட்டு நின்றதா, எனக்குக் கேட்பது நின்றதா என்று சில சமயம் சந்தேகம் வரும்.

கழனி மனையானபோது இன்னொன்றும் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஏக்கர் விலை ஏறும் வரை அந்தச் சட்டத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஏறினதும் ஊரில் வீட்டுக்கு வீடு அக்கா தங்கச்சிகளைக் கூட்டி வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் பணம், மத்தியானம் பிரியாணி. சிலர் போட்டார்கள். சிலர் போடவில்லை. போடாதவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மாமன் வரவில்லை.

எங்கள் வீட்டிலும் இது உண்டு. மறைப்பானேன். வளர்புரம் போகிற வழியில் மிச்சம் இருக்கிற மனை விஷயமாக என் மகனும் மகளும் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. அவன் கையெழுத்துக் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். சட்டப்படி அவள் சொல்வது சரி. இங்கேயே இருந்து எங்களைப் பார்த்துக்கொள்வது அவன், அவன் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. என்னால் தீர்க்க முடிகிற வழக்கு இல்லை இது.

இந்த நிலைமையில்தான் மகள் போனில், "அப்பா, அந்த ஊர்ப் பாட்டு மட்டும் கேட்டுப் பிள்ளை வளருது. நம்ம வீட்டுப் பாட்டு ஒண்ணு வேணும். அத்தையைப் பாடச் சொல்லி அனுப்பு" என்றாள். அத்தை என்றால் என் அக்கா. எண்பது தாண்டிவிட்டது. எங்கள் ஆயாவின் பாட்டை முழுக்கத் தெரிந்து வைத்திருப்பது இப்போது அவர் ஒருத்திதான். போனை நீட்டினேன்.

"இன்னாடா இது, போனுக்குத் தாலாட்டா? வெறும் ஏணைக்குப் பாடற மாதிரி. பிள்ளைக்கு ஆவாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்கு நாள் கெஞ்சியும் நடக்கவில்லை. வீடியோவில் பேத்தியைக் காட்டுகிறேன் என்றேன். கண்ணாடிக்குள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கண்ணாடிக்குள்ளேதான் தூக்கம் வரும் என்றார். அதற்குமேல் என்ன பேசுவது.

பின்கட்டில் எங்களுடைய லைன் வீடு மூன்றுக்கு வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி வீட்டில் ஒடிசாக்காரக் குடும்பம். அவன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. ஜன்னல் கம்பியில் புடவையைக் கட்டி ஆட்டிக்கொண்டிருப்பாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் தூங்க வேண்டும் என்று பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் பிள்ளை அடங்கவே இல்லை. அக்கா வாங்கித் தன் காலில் போட்டுக்கொண்டார். தானாகப் பாட்டு வந்துவிட்டது. நான் சத்தம் போடாமல் போனைத் திண்ணையில் வைத்தேன்.

இரண்டு வரி போய்த் திடீரென்று நிறுத்தினார். "ஏம்மா, உன் கூடப் பொறந்தவன் பேர் இன்னா?" அவளுக்குப் புரியவில்லை. அண்ணன், தம்பி, பையா என்று சைகையெல்லாம் காட்டின பிறகு, "ரமேஷ்" என்றாள். எந்த ஊர்? கஞ்சம். சரி என்று அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கஞ்சத்து ரமேஷ் மாமன் வெள்ளிக் கொலுசோடு புறப்பட்டான், ரயிலேறினான், மண்ணூர் வந்து சேர்ந்தான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் சரியாக வராது. தன் அண்ணன் பேர் பாட்டில் வந்ததும் முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் திரும்பி உட்கார்ந்தாள். பிள்ளை தூங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆயாவின் பாட்டு என்று தனியாக ஒரு பாட்டு இல்லை. சட்டம் போட்டு வைத்த கூடு அது. பிள்ளை பேர், மாமன் பேர், மாமன் ஊர், வருகிற வழி எல்லாவற்றையும் பாடுகிறவள்தான் நிரப்ப வேண்டும். அதனால்தான் போனைப் பார்த்து அக்காவால் பாட முடியவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளை ஏணையில் இருக்கும்போது அக்காவே கூப்பிட்டார். "இப்ப புடி உன் போனை. புள்ள இருக்குது, ஏணை வெறுசு இல்ல. உன் பேத்திக்கும் சேர்த்துப் பாடறேன். ஆனா மாமன் பேர் போடாம எனக்குப் பாட வராது. அது கேட்டுட்டு மூஞ்சியத் தூக்கினா நான் பொறுப்பு இல்ல."

மகன் அப்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா நன்றாக உரக்கவே பாடினார். அவன் பேரைச் சொல்லி, மாமன் தங்கத்தில் கம்மல் வாங்கினான், கடல் தாண்டி வர வழியில்லாமல் கரையில் நிற்கிறான் என்று பாடினார். கம்மல் எல்லாம் அவன் வாங்கவில்லை. அவன் துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றான். பாட்டு முடிகிற வரை வண்டி கிளம்பின சத்தம் கேட்கவில்லை.

பதிவை மகளுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி வந்தது. மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள், குழந்தை பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு அர்த்தம் வேண்டுமாம், வரி வரியாக எழுதி அனுப்பு என்று சேதி வந்தது. எழுதி அனுப்பினேன். கம்மல் வரியையும் விடவில்லை. அந்த அம்மாள் கேட்டுவிட்டு, பாட்டில் வருகிற ஆள் இன்னும் கரையில்தான் நிற்கிறானா என்று விசாரித்தாராம்.

தை மாதம் பேத்தியோடு வருகிறாள். டிக்கெட் போட்டாகிவிட்டது. காதுகுத்து யார் மடியில் வைத்து என்பதைப் பற்றி இதுவரை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா மட்டும் கூடத்துக் கொக்கியில் துரு ஏறியிருக்கிறது, எண்ணெய் போட்டு வை என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். நேற்று அவன் ஏணி கேட்டு எதிர் வீட்டுக்குப் போனான்.